யாரைக் கேட்பது?

பாலக்காடு–பொள்ளாச்சிச் சாலையில் உள்ள எலப்புள்ளிப் பகுதியில் லாரித் தொழிலை ஆராயப் புகுவோமாயின், யாரைப் பேட்டி காண்பது என்பதே முதற்கேள்வி. வாளையாற்றில் நிற்கும் வண்டிகளைக் கேட்டால் போதாதா? அங்கு ஓடுபவரே அகப்படுவர். தவணை கட்டவியலாது வண்டியை விற்றவர் அகப்படார்.

2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. அப்பயன் உரிமையாளரைச் சேர்ந்ததா, தரகரையா என்பதை இழந்தவரும் சொல்லவேண்டும்.

சங்கப் பட்டியலில் சேராதவரும் உளர். நாமக்கல் பதிவெண் வண்டிகளும் இங்கு ஓடுவதால் மாவட்ட எல்லை வேலியாகாது. நம் நாட்டில் ஐந்துக்குக் குறைந்த லாரி உடையோரே மிகுதி. ஆகவே வண்டி எண்ணிக்கைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் சீட்டுக் குலுக்குவோம். அழைப்பை எடுக்காத சிறு உரிமையாளருக்குப் பதிலாகப் பெருநிறுவனத்தைச் சேர்த்தலாகாது. அவரே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். இரவில் மீண்டும் அழைப்போம்.