விரைவுப் பரிசோதனை முடிவும் கையடக்கத் தொலைபேசியும்

சுகாதாரத் துறையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தின் பயன் யாது என வினவப்படும்போது பலர் "வேகம்" என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். அது அரைவாசி விடையே. மீதியை இப்பாடத்தில் கற்போம்.

1. தரவு தகவலாதல்

கல்முனையில் உள்ள ஒரு வைத்தியசாலைக்குக் காய்ச்சலுடன் ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். டெங்கு என்எஸ்1 விரைவுப் பரிசோதனையின் முடிவு ஏறத்தாழ 20 நிமிடங்களில் தெரிந்துவிடும். அதைக் கையடக்கத் தொலைபேசி மூலம் அனுப்பும் முறைமை பின்வருமாறு அமையலாம்.

உள்ளீடு: நோயாளியின் பதிவிலக்கம், பரிசோதனை முடிவு, நேரம், காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பது.
முறைவழி: இலக்கத்தைச் சோதித்து, முடிவை உரிய நோயாளியின் பதிவேட்டில் சேர்த்தல்.
வருவிளைவு: விடுதி வைத்தியருக்கு முடிவு கிடைத்தல். டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாதலால், சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அறிவித்தல்.

காய்ச்சலின் நாளை ஏன் பதிய வேண்டும்? இப்பரிசோதனை முதற் சில நாட்களிலேயே நன்கு பயன்தரும். பின்னர் "இல்லை" என முடிவு வந்தாலும் டெங்கு இருக்கக்கூடும். நாள் குறிப்பிடப்படாத முடிவு வெறும் தரவே. வைத்தியர் தீர்மானம் எடுக்க உதவும் தகவல் அன்று.

2. உண்மை உதாரணங்கள்

(அ) சாம்பியா நாட்டில் குழந்தைகளின் எச்ஐவி பரிசோதனை முடிவுகள் ஆய்வுகூடத்திலிருந்து சுகாதார நிலையங்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. 2012 இல் வெளியான ஆய்வின்படி, முடிவு நிலையத்தை அடையும் சராசரிக் காலம் 44.2 நாட்களிலிருந்து 26.7 நாட்களாகவும், பராமரிப்பாளரை அடையும் காலம் 66.8 நாட்களிலிருந்து 35.0 நாட்களாகவும் குறைந்தன. மாறியது பரிசோதனை முறை அன்று; முடிவு வந்து சேரும் வழியே.

(ஆ) 2008–2010 காலப்பகுதியில் இலங்கையின் குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு முன்னோடித் திட்டம் நடைபெற்றது. நோயாளர் விபரங்கள் கையடக்கத் தொலைபேசியில் பதியப்பட்டு, நோய்ப் பரவலை முன்கூட்டியே கண்டறிய ஆராயப்பட்டன.

3. வேகத்துடன் வரும் ஆபத்து

ஒரே விடுதியில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது நம் பிரதேசத்தில் அரிதன்று. ஒருவரின் முடிவு மற்றவரின் பதிவேட்டில் சேர்ந்தால், பிழையும் அதே வேகத்தில் பரவும். ஆகவே பெயரை மட்டும் நம்பாது பதிவிலக்கத்தையும் பயன்படுத்த வேண்டும். இலக்கத்தில் ஓர் எண் குறைந்தால் தொலைபேசி அதை ஏற்க மறுக்கும். ஆனால் முழுமையான இலக்கம் வேறொருவருடையதாக இருந்தால் தொலைபேசிக்குத் தெரியாது. அதை மனிதரே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவைப் படமெடுத்து நண்பர் குழுக்களில் பகிர்தல் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. மின்சாரமோ வலையமைப்போ தடைப்படும் வேளைக்காக எழுத்துமூலப் பதிவேடும் இருத்தல் வேண்டும்.

மாதிரி வினா

பரிசோதனை முடிவுகளைக் கையடக்கத் தொலைபேசி மூலம் அனுப்புவதன் நன்மைகள் இரண்டும், கவனிக்க வேண்டியவை இரண்டும் தருக. (4 புள்ளிகள்)

விடை: நன்மைகள்: சிகிச்சை தாமதமின்றித் தொடங்கும், நோய்ப் பரவல் விரைவில் அறியப்படும். கவனிக்க வேண்டியவை: முடிவு உரிய நோயாளியுடையதா எனச் சரிபார்த்தல், இரகசியம் பேணல்.

நினைவிற் கொள்க: சரியான முடிவு, சரியான நோயாளி, சரியான நேரம், உரியவர் மட்டும். இந்நான்கையும் எழுதினால் உங்கள் விடை முழுமைபெறும்.