குடும்ப விவகாரமா, அகதி விவகாரமா?

கேள்வி: கட்டாயக் கல்யாணத்துக்கும் பிறப்புறுப்புச் சிதைப்புக்கும் பயந்து ஓடிவரும் பெண்ணுக்கு அகதி அந்தஸ்து கிடைக்குமா? 'குடும்ப விவகாரம்' என்று தள்ளிவிட மாட்டார்களா?

பதில்: தள்ளத்தான் பார்த்தார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லும் காரணங்கள் ஐந்து: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, 'குறிப்பிட்ட சமூகக் குழு'. பெண் என்ற சொல்லே அதில் இல்லை. கடைசிக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பெண்கள் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

டோகோ நாட்டு ஃபௌசியா கசிந்ஜாவின் வழக்கைப் பாருங்கள். சிதைப்புச் சடங்கை எதிர்த்த அப்பா இறந்ததும் அத்தை கை ஓங்கியது. 17 வயதுப் பெண்ணை ஏற்கெனவே மூன்று மனைவிகள் உள்ளவருக்கு நிச்சயித்து, சிதைப்புக்கும் ஏற்பாடு செய்தார்கள். அக்காவின் உதவியால் தப்பி, 1994 டிசம்பரில் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கினார். பாஸ்போர்ட் தன்னுடையதல்ல என்று அவரே சொன்னார். உண்மை பேசியதற்குப் பரிசு, ஓராண்டுக்கும் மேல் சிறை! முதல் நீதிபதி அவர் கதையை நம்பவில்லை. 1996 ஜூனில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தஞ்சம் கொடுத்தது. தீர்ப்பில் அவர் பெயரையே 'கசிங்கா' என்று பிழையாக எழுதினார்கள். சட்டப் புத்தகங்களில் இன்றும் அதே பிழைதான்.

ஆனால் அந்தத் தீர்ப்பு நின்றது சிதைப்பை வைத்து; கல்யாணத்தை வைத்து அல்ல. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 ஜனவரியில் இன்னும் தாராளமாகப் பேசியது: ஒரு நாட்டுப் பெண்கள் எல்லோருமே 'சமூகக் குழு' ஆகலாம், கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பிய பெண்களும் அதில் அடங்கலாம். ஆனால் அது மட்டும் போதாது; சொந்த நாட்டுப் போலீஸ் காப்பாற்றாது என்பதையும் தஞ்சம் கேட்கும் பெண் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது அங்கேதான் என்பது என் எண்ணம்.