நிறம் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கத்தி

கொல்லுப்பட்டறை இருட்டாக இருப்பதற்கு வசதிக் குறைவு காரணமில்லை. காய்ந்த இரும்பின் நிறத்தை வெயிலில் பார்த்துச் சொல்ல முடியாது. நிழலில் சிவந்து தெரியும் இரும்பு, வெயிலுக்கு வந்தால் கறுத்துப்போகும். சூடு போதவில்லை என்று மறுபடி உலையில் சொருகுவோம், உருக்கு கருகிவிடும். திருப்பாச்சேத்திப் பக்கம் அருவாள் அடிக்கும் ஆசாரி ஒருவரிடம் நான் தொழில் கற்கப் போனபோது, சுத்தியலைத் தருவதற்கு முன் என்னைப் புளோயர் சுற்ற உட்கார வைத்தார். "காத்தக் குடுங்க தம்பி, நெறத்தப் பாருங்க. அடிக்கிறத அப்பறம் பாத்துக்கலாம்." கத்தி அடிக்க ஆசைப்படுகிற யாருக்கும் நானும் இதைத்தான் சொல்வேன்.

எல்லா இரும்பும் கத்திக்கு ஆகாது. கட்டடக் கம்பியில் கரிச்சத்து குறைவு, எத்தனை முறை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் வாய் நிற்காது. பழைய இரும்புக் கடையில் லாரிப் பட்டை, அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டை, கேளுங்கள். அதில் கரிச்சத்து 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். வருடக்கணக்கில் பாரம் சுமந்த பட்டை என்பதால் மயிரிழை விரிசல் இருக்கலாம். நடு போல்ட் ஓட்டையைச் சுற்றியுள்ள பகுதியை வெட்டி எறிந்துவிடுவது நல்லது. துத்தநாகப் பூச்சுள்ள எதையும் உலைக்குள் வைக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

ஆரஞ்சு நிறத்தில் அடிக்கத் தொடங்கி, மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே போடும் ஒவ்வொரு அடியும் உள்ளே விரிசலாகத் தங்கும். மேலே போனாலும் ஆபத்துதான். வெள்ளையாகக் காய்ந்து பொறி பறந்தால் அந்த நுனி எரிந்துவிட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய வூட்ஸ் எஃகு ஐரோப்பாவுக்குப் போனபோது இதுதான் நடந்தது. கரிச்சத்து 1 சதவீதத்தைத் தாண்டிய அந்த எஃகை அங்குள்ள கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்தார்கள், அது நொறுங்கியது. நம் எஃகின் பெருமையை மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சூட்டுக் கணக்கையும் சேர்த்துப் பேசலாம்.

வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் நீளும், முதுகு நீளாது. அதனால் கத்தி முதுகுப் பக்கமாக வளையும். முதலிலேயே பட்டையை வாய்ப்பக்கமாக வளைத்து வைத்துக்கொண்டால் அடிக்க அடிக்கத் தானாக நேராகும். இதை ஆசாரி வாயால் சொன்னதில்லை, அவர் வளைத்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பட்டறையில் பேச்சே குறைவு. எதிரே சம்மட்டி பிடிப்பவர் அவர் மனைவி. ஆசாரியின் சின்னச் சுத்தியல் தொட்ட இடத்தில் சம்மட்டி விழும். அவர் பட்டடையில் வெறுமனே ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். தனியாகப் பழகுகிறவருக்கு ஒரு கிலோ சுத்தியல் தாராளம். கனமான சுத்தியலால் இரும்புக்கு முன் மணிக்கட்டுதான் வளையும்.

வடிவம் வந்ததும் உடனே தோய்க்க அவசரப்படக் கூடாது. சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தால், அடியால் உள்ளே ஏறிய இறுக்கம் தளரும். வாயை அரத்தால் ராவும்போது ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனாவது விட்டுவையுங்கள், மெலிந்த வாய் தோய்ச்சலில் கோணிக்கொள்ளும்.

தோய்ச்சலுக்கான சூட்டை ஆசாரி கண்ணால் பிடிப்பார். நமக்கு ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சிவந்ததும் வாயை மட்டும் எண்ணெயில் இறக்கி, மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் கோணும். லாரிப் பட்டைக்கு எண்ணெயே பத்திரம். தண்ணீரில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதுவரை பட்ட பாடு முடிந்தது.

தோய்ச்சலில் ஏறிய விறைப்பைத் தணிக்க இனிமேல்தான் வெளிச்சம் வேண்டும். வாயைச் செங்கல் துண்டால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு ஆசாரி வாசலுக்கு வருவார். முதுகில் தேங்கிய சூடு வாயை நோக்கி இறங்க இறங்க, இரும்பின் மேல் நிறம் ஓடும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 255-ல் பழுப்பு, பிறகு ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். காய்கறிக் கத்திக்கு மஞ்சள் முடிந்து பழுப்பு தொடங்கும்போது முழுதாக முக்கி நிறுத்த வேண்டும். கட்டை வெட்டும் அருவாள் என்றால் ஊதா வரை விடலாம், அடி தாங்கும். நீலம் ஸ்பிரிங்குக்குத்தான் சரி, கத்திக்கு வாய் மழுங்கும். இந்த ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் செல்போனை எடுக்கிறவருக்கு நீலக் கத்திதான் கிடைக்கும்.

உலை முன் நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போதும். கறுப்பாகக் கிடக்கும் இரும்பை நம்பாதீர்கள். சிவப்பு மறைந்த பிறகும் அது 400 டிகிரிக்கு மேல் இருக்கலாம். எடுப்பதற்கு முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கைப்பிடிக்குப் பூவரசு நல்லது. காம்பைக் காய்ச்சித் துளையில் இறக்கினால் தன் இடத்தைத் தானே சுட்டுக்கொள்ளும். தீட்டுவதற்கு மின்சாணை பக்கம் போகாதீர்கள். வாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுங்கள். எலுமிச்சை நறுக்கினால் உடனே கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். இது துருப்பிடிக்கிற உருக்கு, கடைக் கத்தி மாதிரி தொட்டியில் போட்டுவைக்க முடியாது.