உங்கள் சேமிப்பை நீங்களே பார்ப்பதா, ஆலோசகரிடம் விடுவதா?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லோ மணிலாவோ போட்டுவிட்டு வருகிறீர்கள். கணக்கில் பணம் ஏறியதாகச் செல்போனில் செய்தி வருகிறது. உரக்கடை பாக்கி, பள்ளிக்கட்டணம் எல்லாம் போக ஒரு லட்சம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். "நீங்க ஏன் அலையணும்? என்கிட்ட குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் உண்டு. கொடுக்கலாமா?

பக்கத்து ஊர்ப் பாடம்

செஞ்சிக்கு வடக்கே உள்ள ஆரணியிலும் ஆருத்ரா நிதி நிறுவனத்துக்குக் கிளை இருந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் வழக்குப் பதிந்தனர்.

ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். லட்சத்துக்கு மாதம் 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000 ரூபாய். வங்கியில் அதே லட்சத்துக்கு வருடம் முழுக்க ஆறாயிரம், ஏழாயிரம்தான் வரும். இந்த ஒரு கணக்கே போதும், எச்சரிக்கை மணி அடிக்க.

நீங்களே செய்யக்கூடியவை

அஞ்சலகத் தொடர் வைப்பு, பொது வருங்கால வைப்பு நிதி, பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம், வங்கி வைப்பு: இதற்கெல்லாம் ஆலோசகர் தேவையில்லை. வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு.

பரஸ்பர நிதியிலும் 2013 முதல் 'நேரடித் திட்டம்' இருக்கிறது. இதில் முகவர் கமிஷன் கிடையாது. சின்ன வித்தியாசம்தானே என்று விடாதீர்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு லட்சம் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 6.72 லட்சம். கமிஷன் போக 9 சதவீதம் என்றால் சுமார் 5.60 லட்சம். ஒரு சதவீதம் தின்றது, நீங்கள் போட்ட முதலை விட அதிகம்!

ஆனால் நேரடியாகப் போடுபவர் திட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும்; சந்தை இறங்கும்போது பதறி விற்காமல் இருக்கவும் வேண்டும். அது முடியாதவருக்கு நல்ல ஆலோசகர் வாங்கும் கட்டணம் வீண் இல்லை.

யாரிடம் போவது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். விநியோகஸ்தருக்குக் கமிஷன் தருவது நிதி நிறுவனம். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகருக்குக் கட்டணம் தருவது நீங்கள். இரண்டுமே சட்டப்படி நடக்கும் தொழில்தான். ஆனால் "உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருது?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் கூச்சப்பட வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன்

1. ஆலோசகரின் பதிவு எண்ணை வாங்கி, செபி இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அவர் காட்டும் சான்றிதழ் படம் போதாது.
2. வைப்புத்தொகை வாங்கும் நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பாருங்கள்.
3. பணம் நிதித் திட்டத்தின் கணக்குக்கே போக வேண்டும். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அல்ல.
4. ஓடிபி, கடவுச்சொல் யாருக்கும் வேண்டாம்.
5. "உறுதியான லாபம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பங்குச்சந்தையில் யாராலும் அப்படி உறுதி தர முடியாது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணையவழி மோசடி என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள். நிதி நிறுவன மோசடி என்றால் ரசீதுகளுடன் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997-ன் கீழ், அந்த நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, நீதிமன்றம் வழியாக முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க வழி இருக்கிறது.

ஆலோசனையை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் மாதம் ஒருமுறையாவது கணக்கை உங்கள் கண்ணால் பாருங்கள்.