மூக்கு குத்த அவசரப்படாதீர்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெல்மதுளையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று மாதக் கிடேரிக் கன்று, கயிற்றைப் பிடித்து இழுத்தால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுகிறது, இன்னும் இழுத்தால் படுத்துவிடுகிறது, இப்போதே மூக்கு குத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வலிக்குப் பயந்து நடக்கப் பழகும் கன்று, ஆளின் கையைக் கண்டாலே ஒதுங்கும். இரண்டரை, மூன்று வருடத்தில் அது தலையீற்று ஈனும்போது, மடியைத் தொடப்போவதும் அதே கைதான்.

கன்று பிடிவாதம் பிடிப்பதாக எண்ணவேண்டாம். முன்னே இழுத்தால் பின்னே சாய்வது அதன் உடம்பின் இயல்பு. கயிறு எப்போது தளர்கிறதோ, அந்த நேரத்தில் தான் செய்துகொண்டிருந்ததையே அது கற்றுக்கொள்கிறது. நீங்கள் களைத்துப்போய் விட்டுவிடும்போது அது நின்றுகொண்டிருந்தால், நிற்பதைக் கற்றுக்கொள்ளும். ஆகவே இழுக்காமல், கயிற்றை லேசாக இறுக்கிப் பிடித்துக் காத்திருங்கள். ஒரு கால் எடுத்து வைத்ததும் உடனே தளர்த்திவிடுங்கள். முதல் நாளுக்கு நாலைந்து எட்டு நடந்தால் போதும்.

குதிரைக்குட்டி பழக்குகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருப்பார்கள். குட்டியின் தலைக்கயிற்றை முன்னிருந்து வலித்து இழுத்தால் அது எகிறி மல்லாந்து விழக்கூடும், கழுத்து எலும்பு கெட்டுப்போகலாம். அதனால் இன்னொரு கயிற்றைப் பின்தொடையைச் சுற்றிப் போட்டு, அதை மெல்ல இறுக்கித்தான் முன்னே நகர்த்துவார்கள். தாய்க்குதிரையை முன்னால் நடத்தினால் வேலை இன்னும் சுலபம். உங்கள் கன்றுக்கும் இதையே செய்யுங்கள். தாய்ப்பசுவை ஒருவர் பிடித்து முன்னே நடக்கட்டும். கழுத்தில் சுருக்குக்கயிறு போடவேண்டாம். முகத்தைச் சுற்றிவரும் அகலமான தலைக்கயிறு போடுங்கள்.

ஆனால் கயிற்றுக்கு முன்பே கை பழகவேண்டும். தாய் நக்கிக்கொடுக்கும் இடம் கழுத்து. அந்த இடத்தை, கீழ்த்தாடையிலிருந்து அலைதாடி வரை, நிதானமாகச் சொறிந்துவிடுங்கள். கன்று கழுத்தை நீட்டிக்கொடுக்கும். பிறகு முதுகு, வயிறு, கால், குளம்பு, கடைசியாக மடிக்காம்பு. கன்று அமைதியாக இருக்கும்போதே கையை எடுத்துவிடவேண்டும். உதைத்ததும் எடுத்தால் உதைக்கத்தான் பழகும். நெற்றியில் மட்டும் தள்ளி விளையாடவேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். இன்று வேடிக்கையாக இருக்கும் முட்டல், முந்நூறு கிலோ மாடானபின் ஆளைச் சாய்த்துவிடும்.

விடியற்காலையில் இறப்பர் பால்வெட்டுக்குப் போகிற அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள். பின்னேரம் புல்லுக்கட்டை இறக்கி வைத்தபின் பத்து நிமிடம் போதும். உங்கள் பக்கத்து மழையில் சரிவும் கானும் வழுக்கும், அதனால் லயத்து முற்றம் போன்ற சமதரையில் பழக்குங்கள். தலைக்கயிற்றோடு சரிவில் கட்டிவிட்டு வேலைக்குப் போகவே கூடாது. கால் தவறினால் சிக்கி மாட்டிக்கொள்ளும். கன்று வளர வளரத் தலைக்கயிற்றைத் தளர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மூக்கெலும்பில் பதிந்து புண்ணாக்கிவிடும். மழைநாளில் மூக்குத் துவாரத்தில் அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூக்கைத் தொட விடுகிற கன்றிடம்தான் அதைப் பார்க்கமுடியும்.

சின்ன வயதில் கை பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தீவு மட்டக்குதிரைகளைப் பாருங்கள். அவை தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் மனிதக் கை படாமல் திரிகின்றன. பழகிய குதிரைகளின் வழிவந்தவைதாம் அவையும், இருந்தும் ஆள் நெருங்கினால் விலகி ஓடுகின்றன. உங்கள் கன்றுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, காலம் கடந்துவிடவில்லை.

கால்வாய் நோய்த் தடுப்பூசிக்கு மிருக வைத்தியர் வரும் நாளுக்கு முன், ஊசி போடும் கழுத்துப்பக்கத்துத் தோலைத் தினமும் கிள்ளிப் பிடித்துவிட்டுச் சொறிந்துகொடுங்கள். அன்றைக்குத் தலைக்கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். எப்படி நின்றது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா