குன்று காத்த புதிர்

ஈப்போ நகருக்கு அருகே ஓங்கி நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்று குனோங் ராபாட். சாம் போ தோங், கெக் லோக் தோங் ஆகிய குகைக் கோயில்கள் இங்குதான் உள்ளன. வழிபடவும் சுற்றிப் பார்க்கவும் மக்கள் நெடுங்காலமாக வந்து செல்கின்றனர். எல்லாரும் அறிந்த இக்குன்றில் எவரும் அறியாத உயிரினம் ஒன்று இருந்தது 2008ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிய வந்தது.

அது ஒரு நத்தை. அதன் ஓடு கடுகளவே இருக்கும். ரூபன் கிளமெண்ட்ஸ், லியூ தோர் செங் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அதற்கு 'ஓபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம்' எனப் பெயரிடப்பட்டது. புழுவைப் போல் நெளிந்த ஓடே இப்பெயருக்குக் காரணம்.

பெரும்பாலான நத்தை ஓடுகள் ஒரே அச்சைச் சுற்றி, சுழல் படிக்கட்டைப் போல் வளர்கின்றன. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டியே அமைகிறது. இந்நத்தையின் ஓடோ நான்கு அச்சுகளைச் சுற்றித் திரும்புகிறது. முந்தைய சுற்றிலிருந்து மூன்று முறை விலகி, இரண்டு முறை மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. இந்த விந்தை வடிவத்தால் நத்தைக்கு என்ன பயன்? கண்டறிந்த ஆய்வாளர்களாலேயே விடை கூற இயலவில்லை. நத்தை ஓடுகளைப் பற்றி வகுத்திருந்த பொதுவிதியை ஒரு கடுகளவு உயிர் மீறிவிட்டது.

இத்தகைய நத்தைகள் சுண்ணாம்புக் குன்றுகளில் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஓடு வளரத் தேவையான கால்சியம் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. மேலும், சமவெளியில் தனித்தனியே நிற்கும் குன்றுகள் கடலில் உள்ள தீவுகளைப் போன்றவை. மெல்ல ஊரும் நத்தையால் ஒரு குன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்ல முடியாது. எனவே, ஒரு குன்றில் வாழும் இனம் வேறெங்கும் இல்லாமல் போகலாம். வெர்மிகுலமும் கண்டறியப்பட்டபோது குனோங் ராபாட்டில் மட்டுமே பதிவாகியிருந்தது.

பாக்டீரியாக்கள் நீங்கலாக, உலகில் ஏறத்தாழ 8.7 மில்லியன் உயிரினங்கள் இருக்கலாம் என 2011இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் அப்போது பட்டியலிடப்பட்டிருந்தவை ஏறத்தாழ 1.2 மில்லியன் மட்டுமே. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நாம் இன்னும் பெயர்கூடச் சூட்டவில்லை.

இதற்கிடையே, சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் கிந்தா பள்ளத்தாக்கில் குன்றுகள் வெட்டப்படுகின்றன. வீடு கட்டச் சிமெண்ட் தேவை, வேலையும் தேவை. ஆயினும், வெட்டிய மரத்துக்குப் பதிலாக மற்றொன்றை நடலாம். வெட்டிய குன்றை மீண்டும் எழுப்ப இயலாது. அங்கு மட்டுமே வாழ்ந்த உயிர் அழிந்தால், அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் அதனோடு மறைந்துவிடும். ஆகவே, ஒரு குன்றை உடைக்கும் முன் அதில் வாழ்பவை எவை என ஆராய்ந்தறிவது நம் கடமையாகும்.