பட்டாளத்து ஜீப்பும் புதுப் பெயின்ட்டும்

விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கிளம்பிவிடும். ஓடி ஓய்ந்தவை சிலமலைப் பக்கம் ஏதாவதொரு கொட்டகையில் கிடக்கும். பழைய வண்டி தேடி வருகிறவர் காதில் விழும் முதல் கதை இது.

நம்பிக்கை: “ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன வண்டிண்ணே!”

உண்மை: முன்கிரில்லின் பிளவுகளை எண்ணுங்கள். அச்சில் அடித்த தகட்டுக் கிரில் உள்ள போர்க்கால வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளுக்கு 9. 1945-இல் வந்த சிவிலியன் ஜீப்புக்கு 7. போனட் பெட்டிபோல் உயர்ந்திருந்தால் அது சிஜே3பி என்ற மாடல். அதன் ஹரிக்கேன் எஞ்சின் உயரமானது என்பதால் போனட்டையும் உயர்த்தினார்கள். அமெரிக்காவில் அது வந்ததே 1953-இல், போர் முடிந்து எட்டு வருஷம் கழித்து. மஹிந்திரா அதை இங்கே பல்லாண்டுகள் தயாரித்தது. நம் ராணுவமும் மஹிந்திரா ஜீப் ஓட்டியதால் ‘பட்டாளத்து வண்டி’ என்பது மெய்யாக இருக்கலாம், உலகப்போர்தான் இடிக்கிறது. கிரில்லைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பதால் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். போர் ஜீப்புக்குத் திறந்து மூடும் பின்கதவு கிடையாது.

நம்பிக்கை: பளபளவென்று பெயின்ட் அடித்தால் மதிப்புக் கூடும்.

உண்மை: விற்பவருக்குக் கூடும். பழைய பெயின்ட்டைச் சுரண்டியது சுரண்டியதுதான், திரும்ப வராது. மலைமழையில் நனைந்த தகட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பட்டி பூசினால் துரு அடியில் தன் வேலையைத் தொடரும். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி கனத்த இடத்தில் பிடிக்காது. பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனம், மாற்றிய பாகம் எது என்று பிறருக்குத் தெரியும்படி குறியிடச் சொல்கிறது. நம் டிங்கரிங் பட்டறையிலோ ஒட்டு தெரியாமல் செய்வதுதான் கைத்திறன்!

நம்பிக்கை: டீசல் எஞ்சின் போட்டாலும் ஒரிஜினல்தான்.

உண்மை: இல்லை. பெட்ரோல் செலவு தாங்காமல் எஞ்சினை மாற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த டீசலும் மலையின் கதைதான். இருப்பதை அப்படியே விட்டுவிடுவேன். ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்கமாட்டேன். மாற்றம் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்து அதனுடன் ஒப்பிடாமல் அட்வான்ஸ் நீட்டாதீர்கள்.

நம்பிக்கை: 50 வயதானால் தானாகவே விண்டேஜ்.

உண்மை: 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி வயது மட்டும் போதாது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு ‘விஏ’ வரிசை எண், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விண்டேஜ் என்று பதிந்தபின் கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடப் போகலாம், பழுது பார்க்கப் போகலாம். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய், சாயங்காலம் ஏலக்காய் மூட்டையோடு இறங்க முடியாது.